நாயின் செவி நோயும் செவித்துளி மருந்தும்

நாய் வளர்ப்போர் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. நாய் தலையை ஒருபுறம் சரித்து ஓயாது உதறுகின்றது. பின்னங்காலாற் செவியைப் பிறாண்டுகின்றது. செவியிலிருந்து கபில நிற அழுக்கோ மஞ்சள் நிறச் சீழோ கசிகின்றது. அருகிற் சென்றால் துர்நாற்றம் வீசுகின்றது. வீட்டார் இதனை அற்பமான நோயென்றே கருதுவர். சிலர் இளஞ்சூடான தேங்காயெண்ணெயைச் செவியில் வார்ப்பர். வேறு சிலர் மனிதருக்கெனப் பெற்று எஞ்சிய செவித்துளி மருந்தை விடுவர். சில நாட்களில் நாய் குணமடைந்தது போலத் தோன்றும். மாதம் ஒன்றிரண்டு கழியுமுன் நோய் முன்னிலும் கடுமையாக மீளும்.

இவ்வாறு மீண்டும் மீண்டும் வந்த நோய், ஈற்றிற் செவிக்குழாயையே அடைத்து, சத்திர சிகிச்சையால் அதனை முற்றாக அகற்றவேண்டிய நிலைக்கு ஒரு விலங்கைக் கொண்டுசெல்லலாம். ஆதலின் இந்நோய் அற்பமானதன்று. செவித்துளி மருந்து ஒரு வேளை பலித்து மறுவேளை பலியாமற் போவது ஏன், சில வேளைகளில் அதுவே தீங்காக முடிவது ஏன் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: மருந்தை விடுவதற்கு முன் பார்த்தல் வேண்டும். செவிப்பறையைப் பார்த்தல், செவியழுக்கை நுணுக்குக்காட்டியிற் பார்த்தல், நோய்க்கு வேராயமைந்த காரணத்தைப் பார்த்தல் என அது மூவகைப்படும்.

1. செவியின் அமைப்பு

மனிதனின் செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 சதமீற்றர் நீளமானது, பெரும்பாலும் நேரானது. நாயின் செவிக்குழாயோ இனத்துக்கும் உடற்பருமனுக்கும் ஏற்ப 5 முதல் 10 சதமீற்றர் வரை நீளமுடையது. அது முதலிற் செங்குத்தாகக் கீழிறங்கிப் பின்னர் உட்புறமாகத் திரும்பிக் கிடையாகச் சென்று செவிப்பறையை அடைகின்றது. நம் நெடுங்கணக்கிலுள்ள டகரத்தின் வடிவத்தை இதற்கு உவமை கூறலாம். இவ்வமைப்பின் விளைவுகள் இரண்டு. முதலாவது, உட்புகுந்த நீரும் அழுக்கும் தாமாக வெளியேறுதல் அரிது. இரண்டாவது, வெளியிலிருந்து நோக்குபவருக்கு வளைவுக்கு அப்பாலுள்ள பகுதி புலப்படாது. செவிநோக்கி என்னும் கருவியின்றிச் செவிப்பறையைக் காணுதல் இயலாது.

செவிக்குழாயின் சுவர் கசியிழையத்தாலானது. அதன் உட்பரப்பு தோலால் மூடப்பட்டுள்ளது. இத்தோலில் உள்ள இருவகைச் சுரப்பிகளின் சுரப்பும் உதிர்ந்த தோற்கலங்களும் கலந்தே செவிக்குறும்பி உண்டாகின்றது. உடல் நலமுள்ள செவி தன்னைத் தானே தூய்மையாக்கும் ஆற்றலுடையது. செவிப்பறையின் மேற்படைக் கலங்கள் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து, குறும்பியையும் அழுக்கையும் தம்முடன் ஏந்திச் செல்கின்றன. அழற்சி ஏற்படும்போது இந்நகர்வு தடைப்படுகின்றது. சுரப்பிகள் பெருத்துச் சுரப்பு மிகுகின்றது. தோல் தடித்துக் குழாய் ஒடுங்குகின்றது. இவ்வாறு ஒரு நச்சு வட்டம் தொடங்குகின்றது.

2. காரணங்களின் பாகுபாடு

"காதிலே கிருமி" என்னும் வழக்கு உண்மையின் ஒரு பாதியை மட்டுமே கூறுகின்றது. புறச்செவியழற்சி பல காரணிகள் கூடி விளைக்கும் நோய் என்பதை 1988இல் ஓகஸ்ட் என்னும் மிருக வைத்திய அறிஞர் தெளிவுபட எடுத்துக்காட்டினார். அவ்வழியில் வளர்ந்த பாகுபாட்டின்படி இன்று காரணிகளை நான்காக வகுப்பர்.

முன்னேதுவான காரணிகள் நோய் தோன்றுதற்கு இடமளிப்பவை. தொங்கும் செவி, ஒடுங்கிய குழாய், குழாயினுள் அடர்ந்த மயிர், அடிக்கடி நீராடுதல், வெப்பமும் ஈரப்பதனும் மிக்க காலநிலை என்பன இவை. கொக்கர் ஸ்பானியல் இனத்தின் செவியில் மயிர்ப் புடைப்புகளும் சுரப்பிகளும் மிகுந்திருத்தல் அவ்வினத்துக்கு இந்நோய் பெரிதும் வருதற்கு ஒரு காரணமாகும்.

முதன்மைக் காரணிகள் தாமே அழற்சியை உண்டாக்க வல்லவை. ஒவ்வாமை இவற்றுள் தலையாயது. சூழலிலுள்ள துகள்களுக்கும் சிற்றுண்ணிகளுக்கும் எதிராகத் தோன்றும் தோலழற்சியும் உணவு ஒவ்வாமையும் செவியையும் பற்றுவன. சில நாய்களிற் செவி நோயே அவற்றின் முதல் அறிகுறியாக அமையும். செவிச் சிற்றுண்ணி, புல்லின் கூர்நுனி போன்ற அந்நியப் பொருட்கள், தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடு, குழாயில் வளரும் கட்டிகள் என்பனவும் இவ்வகையின.

துணைக் காரணிகள் பற்றீரியாக்களும் மதுவங்களுமாகும். இவை முன்னரே அழற்சியுற்ற செவியிற் பெருகுவன. நிலைநிறுத்தும் காரணிகள் நோயின் விளைவாகத் தோன்றி நோயைத் தொடரச் செய்பவை. தடித்த தோல், ஒடுங்கிய குழாய், சுண்ணமேறிய கசியிழையம், நடுச்செவியிற் புகுந்த தொற்று என்பன இவை.

இப்பாகுபாட்டினின்று பெறப்படும் உண்மை எளியது. துளி மருந்து பெரும்பாலும் மூன்றாம் வகைக் காரணிகளையே தாக்குகின்றது. முதன்மைக் காரணியை அது தொடுவதில்லை. நோய் மீள வருதலின் இரகசியம் இதுவே.

3. நுணுக்குக்காட்டி காட்டுவது

பஞ்சு சுற்றிய குச்சியாற் செவியழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மீது உருட்டி, சாயமேற்றி, எண்ணெயமிழ்வு வில்லையினூடே நோக்குதல் சில நிமிடங்களில் முடியத்தக்க பரிசோதனையாகும். இதற்கு ஆகும் செலவும் சொற்பமே. எனினும் மருந்தைத் தெரிவு செய்தற்கு இதனினும் பயனுள்ள பரிசோதனை வேறில்லை.

அடிப்பாதத்தின் சுவடு போன்று இடை சிறுத்த வடிவிற் காணப்படுவது மலசீசியா என்னும் மதுவம். நாயிற் பெரிதும் காணப்படும் இதன் இனம் 1925இல் வீட்மன் என்பவரால் இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் தோலிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்டது. நலமுள்ள நாயின் செவியிலும் சிறு எண்ணிக்கையில் வாழும் இவ்வுயிர், ஈரமும் கொழுப்பும் மிகும்போது பெருகுகின்றது. எண்ணெய் வார்த்தல் ஏன் தகாது என்பது இதனால் விளங்கும். கொழுப்பை நாடி வளரும் உயிருக்கு அது இரையாகலாம். அழுக்கையும் ஈரத்தையும் குழாயினுள் அடைத்தும் விடுகின்றது.

உருண்டை வடிவான பற்றீரியாக்கள் காணப்படின் அவை பெரும்பாலும் ஸ்ரெபிலோகொக்கசு சூடின்ரமீடியசு என்னும் இனத்தவை. 2005இல் இது தனியினமாக விவரிக்கப்பட்டது. கோல் வடிவானவை மிகுந்து, அவற்றுடன் சீழ்க் கலங்களும் காணப்படின் சூடோமோனாசு ஐயத்துக்குரியது. இது புண்ணையும் கடும் வலியையும் உண்டாக்கும். பற்றீரியாவும் மதுவமும் யாதொன்றும் இன்றிச் செந்நிறமும் அரிப்பும் மட்டுமே இருப்பின், அச்செவிக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையே இல்லை. அழற்சியடக்கி மட்டுமே போதுமானது. ஒரே தோற்றமுடைய மூன்று நாய்களுக்கு மூன்று வேறு மருந்துகள் தேவைப்படலாம் என்பதை நுணுக்குக்காட்டியே கூறும்.

4. மருந்துக் குப்பியினுள் அடங்கியவை

மிருக வைத்தியத்திற் பயன்படும் செவித்துளி மருந்துகளிற் பெரும்பாலானவை மூன்று மருந்துகளின் கலவையாகும்.

முதலாவது பற்றீரியாவுக்கு எதிரானது. ஜென்ரமைசின், நியோமைசின், பிரமைசெற்றின் ஆகியன அமினோகிளைக்கோசைட்டு வகுப்பைச் சேர்ந்தவை. இவை பற்றீரியாவின் இறைபோசோமைத் தாக்கிப் புரதத் தொகுப்பைப் பிறழச் செய்கின்றன. பொலிமிக்சின் பீ கோல் வடிவான சில பற்றீரியாக்களின் மென்சவ்வைச் சிதைக்கின்றது. புளோர்பெனிகோல் புரதத் தொகுப்பைத் தடுக்கின்றது. என்றோபுளொக்சசின், மாபோபுளொக்சசின் போன்ற புளுவொரோகுயினொலோன்கள் மரபுப் பொருளாகிய டீ.என்.ஏ.யின் பிரதியாக்கத்தைக் குலைக்கின்றன.

இரண்டாவது மதுவத்துக்கு எதிரானது. மைக்கோனசோல், குளோற்றிமசோல், டேர்பினபீன் ஆகியன மதுவத்தின் மென்சவ்வுக்கு இன்றியமையாத ஏர்கொஸ்தெரோல் என்னும் பொருளின் தொகுப்பைத் தடுக்கின்றன. நிஸ்ரற்றின் அப்பொருளுடன் நேரே பிணைந்து மென்சவ்வைத் துளைக்கின்றது.

மூன்றாவது அழற்சியை அடக்கும் ஸ்ரெறொயிட்டு. பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன், மொமெற்றசோன் என்பன இவ்வகையின. இது வெறும் துணை மருந்து எனக் கருதுதல் தவறு. வீங்கி ஒடுங்கிய குழாயைத் திறப்பதும், சுரப்பைக் குறைப்பதும், வலியையும் அரிப்பையும் தணிப்பதும் இதுவே. குழாய் திறவாவிடின் ஏனைய இரண்டும் உட்செல்ல வழியில்லை. ஆயினும் ஆற்றல் மிக்க ஸ்ரெறொயிட்டுக்கள் குருதியில் உறிஞ்சப்பட்டு அதிரீனற் சுரப்பியின் தொழிலை அடக்கக்கூடும். ஆதலின் அவற்றை அளவின்றி நீடித்தல் கூடாது. நோயின் கிருமி யாதாயினும் ஸ்ரெறொயிட்டு சில நாட்களுக்கு நலமளித்தது போலக் காட்டும். பொருத்தமற்ற மருந்தும் தொடக்கத்திற் பலித்ததாகத் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கு ஒரு கணக்கையும் நோக்குதல் தகும். ஜென்ரமைசின் கலந்த செவி மருந்து ஒன்றின் ஒரு மில்லிலீற்றரில் 3 மில்லிகிராம், அதாவது 3000 மைக்கிரோகிராம் மருந்து உண்டு. ஆய்வுகூடத்தில் ஒரு பற்றீரியா இம்மருந்துக்கு இணங்குமா என்பதை மில்லிலீற்றருக்குச் சில மைக்கிரோகிராம் என்னும் குருதிச் செறிவை அடிப்படையாகக் கொண்டே தீர்மானிப்பர். ஆகவே ஆய்வுகூடத்தில் எதிர்ப்புடையது எனக் கூறப்பட்ட பற்றீரியாவும் செவியில் நேரடியாக விடப்பட்ட மருந்துக்கு அடங்கக்கூடும். உடலினுட் செலுத்தும் மருந்தைவிடச் செவியில் விடும் மருந்து பெரும்பாலும் சிறந்தது என்பதற்கு இதுவே அடிப்படை. ஆனால் மருந்து கிருமியைச் சென்று தொடுதல் வேண்டும்.

5. தூய்மையாக்கலின் இன்றியமையாமை

சீழும் அழுக்கும் நிறைந்த செவியில் மருந்தை விடுதல், சேறு பூசிய சுவருக்கு வர்ணம் தீட்டுதலை ஒக்கும். அமினோகிளைக்கோசைட்டுக்களும் பொலிமிக்சினும் சீழின் முன்னிலையில் ஆற்றல் குன்றுகின்றன. மேலும் சில பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தை அமைத்து அதனுள் மறைந்து வாழ்கின்றன. மருந்து அதனை ஊடுருவுதல் கடினம். ஆகவே முதலிற் கழுவுதல், பின்னர் மருந்திடல் என்பதே முறை.

கோல் வடிவான பற்றீரியாக்கள் உள்ளவிடத்து திரிஸ் ஈ.டீ.ரீ.ஏ. என்னும் கரைசல் சிறப்பாகப் பயன்படுகின்றது. பற்றீரியாவின் வெளிச்சுவரை உறுதியாக்கும் கல்சியம், மகனீசியம் அயன்களை இது பிடுங்கிக்கொள்வதனால் மருந்து எளிதில் உட்புகுகின்றது. மருந்திடுவதற்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன்னர் இதனைப் பிரயோகிப்பர். அமிலத் தன்மையுள்ள கழுவற் கரைசல்கள் மதுவத்துக்கு ஏற்றவையாயினும், புண்பட்ட செவியில் எரிவை உண்டாக்கும். அன்றியும் அமினோகிளைக்கோசைட்டுக்கள் அமில ஊடகத்தில் வலுவிழக்கும் என்பதை மறத்தலாகாது.

6. செவிப்பறையைப் பார்த்தல்

செவித்துளி மருந்தின் ஆபத்து செவிப்பறைக்கு அப்பாலே உள்ளது. செவிப்பறை முழுமையாக உள்ளவரை மருந்து புறச்செவியிலேயே தங்கும். அது கிழிந்திருப்பின் மருந்து நடுச்செவியை அடைந்து, அங்கிருந்து மெல்லிய மென்சவ்வுகளினூடே உட்செவிக்குள்ளும் புகக்கூடும். கேட்டலுக்கும் உடற்சமநிலைக்கும் உரிய மயிர்க் கலங்கள் உட்செவியில் உள்ளன. அமினோகிளைக்கோசைட்டுக்கள் இக்கலங்களை அழிக்க வல்லவை. நாயில் அழிந்த மயிர்க் கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. குளோர்எக்சிடின் போன்ற கழுவற் பொருட்களும் செறிவு மிகுந்தவிடத்து இத்தகைய தீங்கை விளைக்கலாம். செவிப்பறை கிழிந்த ஒவ்வொரு நாய்க்கும் இது நேரும் என்பதில்லை. ஆயினும் நேர்ந்த கேட்டை மீட்டல் அரிது.

மருந்திட்ட பின்னர் நாய் தலையைச் சரித்து நடத்தல், தள்ளாடுதல், வட்டமிடுதல், கண்மணிகள் ஓயாது அசைதல், அழைத்தாற் செவிகொடாமை என்பன தோன்றின் மருந்தை உடனே நிறுத்தி மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். முகத்தின் ஒருபுறம் சோர்ந்து தொங்குதலும், ஒரு கண்ணின் மணி சுருங்கி இமை தாழ்தலும் நடுச்செவியினூடே செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டமைக்கு அறிகுறிகளாம்.

நாட்பட்ட செவி நோயுள்ள நாய்கள் பலவற்றில் நடுச்செவியும் தொற்றுக்குள்ளாகியிருக்கும். செவிப்பறை முழுமையாகத் தோன்றுவதனால் மட்டும் நடுச்செவி நலமாயுள்ளதெனக் கொள்ளல் இயலாது. கிழிந்த பறை தொற்றை உள்ளே அடைத்தபடி மீண்டும் வளர்ந்திருக்கலாம். வீக்கத்தாற் செவிப்பறையைக் காண இயலாதவிடத்து, சில நாட்கள் வாய்வழியாக ஸ்ரெறொயிட்டுக் கொடுத்து வீக்கம் தணிந்தபின் மீண்டும் நோக்குவர். வலி கடுமையாயின் நாயை உணர்விழக்கச் செய்தே செவியைக் கழுவவும் பார்க்கவும் முடியும்.

7. செவிச் சிற்றுண்ணி

கோப்பித் தூள் போன்ற கருங்கபில நிறமுள்ள உலர்ந்த அழுக்கு, சிறப்பாகக் குட்டிகளின் செவியிற் காணப்படின், ஒற்றொடெற்றசு என்னும் சிற்றுண்ணியை ஐயுறவேண்டும். இதன் வாழ்க்கை வட்டம் ஏறத்தாழ மூன்று வாரங்களில் நிறைவுறும். இது பூனையிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து பூனைக்கும் எளிதிற் பரவுவதால், வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒருங்கே சிகிச்சை செய்தல் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மருந்திட்டு ஏனையவற்றை விட்டுவிடின் நோய் திரும்பி வரும்.

முன்னர் பரவலாக வழங்கிய ஐவர்மெக்ரின் கொலி போன்ற சில இன நாய்களுக்கு உயர்ந்த அளவில் நஞ்சாகும். மூளைக்குள் மருந்து புகாது தடுக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் உள்ள மாற்றமே இதற்குக் காரணமென்பது 2001இல் அறியப்பட்டது. மாட்டுக்கென வாங்கிய ஐவர்மெக்ரினை நாயின் செவியில் விடுதலும் ஊசியாக ஏற்றுதலும் இக்காரணத்தால் அபாயகரமானவை. இன்று செலமெக்ரின் போன்ற தோல்மீதிடும் மருந்துகளும், ஐசொக்சசொலீன் வகுப்பைச் சேர்ந்த மருந்துகளும் இச்சிற்றுண்ணிக்கு எதிராகப் பயன்படுகின்றன.

8. எதிர்ப்பாற்றலும் மனிதரும்

ஒரு நாயின் செவி நோய் அவ்வீட்டின் எல்லையுடன் முடிவதன்று. அரைகுறையாகவும் அடிக்கடியும் இடப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, இணங்கும் பற்றீரியாக்களை அழித்து எதிர்ப்பவற்றை வாழவிடுகின்றது. மெதிசிலினுக்கு எதிர்ப்புள்ள ஸ்ரெபிலோகொக்கசு சூடின்ரமீடியசு இன்று உலகின் பல பாகங்களிலும் நாய்களிற் காணப்படுகின்றது. செவிக்குப் பயன்படும் புளுவொரோகுயினொலோன்களையும் பொலிமிக்சின்களையும் உலக சுகாதார நிறுவனம் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என வகுத்துள்ளது. பொலிமிக்சின் வகுப்பைச் சேர்ந்த கொலிஸ்ரின், ஏனைய மருந்துகள் பலிக்காதவிடத்து மனிதருக்குக் கடைசிப் புகலிடமாகும். அதற்கு எதிர்ப்பளித்து ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்ல மரபணு 2015இற் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. ஆகவே நுணுக்குக்காட்டியில் மதுவம் மட்டுமே காணப்பட்ட செவிக்குப் பற்றீரியாக்கொல்லியை இயன்றவரை தவிர்த்தலும், புளுவொரோகுயினொலோனை முதல் மருந்தாகக் கொள்ளாமையும் நாய்க்கும் நமக்கும் நலம் பயப்பனவாம்.

9. வீட்டார் அறியவேண்டியவை

மருந்தைக் குறித்த அளவில் இடுதல் வேண்டும். நீண்ட செவிக்குழாயின் அடியை இரண்டொரு துளிகள் சென்றடையா. நடுத்தரப் பருமனுள்ள நாய்க்கு அரை மில்லிலீற்றருக்குக் குறையாத மருந்து பெரும்பாலும் தேவைப்படும். மருந்திட்டபின் செவியின் அடிப்பகுதியை வெளியிலிருந்து மெல்லப் பிசைதல் நன்று. பஞ்சு சுற்றிய குச்சியைக் குழாயினுட் செலுத்தலாகாது. அது அழுக்கை மேலும் உள்ளே தள்ளும். நாற்றம் நீங்கிய நாளிலேயே மருந்தை நிறுத்தலும் தவறு. மீண்டும் தகட்டை நோக்கிக் கிருமிகள் நீங்கின என உறுதிசெய்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

மருந்திட மறுக்கும் நாய்களுக்கெனப் பல நாட்கள் செவியிலேயே தங்கிச் செயற்படும் கூழ்மருந்துகளும் இப்போது உள்ளன. மிருக வைத்தியர் ஒரு முறையோ இருமுறையோ இட்டால் அவை போதுமானவை. ஆயினும் ஒருமுறை இட்டபின் அவற்றை எளிதில் மீட்க இயலாது. எனவே செவிப்பறையை முன்னரே நோக்குதல் இங்கு இருமடங்கு இன்றியமையாததாகின்றது.

நோய் ஆண்டில் இருமுறைக்கு மேல் மீளுமாயின் வேர்க்காரணத்தைத் தேடுதல் வேண்டும். உணவு ஒவ்வாமையை அறிய, நாய் முன்னர் உண்ணாத புரதத்தையோ நீர்ப்பகுப்புற்ற புரதத்தையோ கொண்ட உணவை மட்டும் எட்டு வாரங்களுக்குக் குறையாது கொடுத்துப் பார்ப்பர். அக்காலத்தில் மேசையிலிருந்து எறியும் ஓர் எலும்புத் துண்டும் சோதனையைப் பாழாக்கும். சூழல் ஒவ்வாமையுள்ள நாய்க்கு நோய் தணிந்தபின்னும் வாரத்தில் இருநாள் ஸ்ரெறொயிட்டு மட்டுமுள்ள துளியை இட்டு, நோய் மீளாது தடுத்தல் இன்று கையாளப்படும் ஒரு முறையாகும்.

முடிவுரை

செவித்துளி மருந்து சிறந்ததொரு கருவி. உரிய நோயை உரிய காலத்தில் அது விரைந்து தணிக்கின்றது. ஆனால் அது காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. மூன்று பார்வைகளுள் செவிப்பறையைப் பார்த்தல் நாயின் கேட்டலைக் காக்கின்றது. தகட்டைப் பார்த்தல் மருந்தைத் தெரிவு செய்கின்றது. வேர்க்காரணத்தைப் பார்த்தல் நோய் மீளாது தடுக்கின்றது. மூன்றும் செய்யப்படாத நாய் ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமக்கின்றது. தன் வலியை அது சொல்லால் உரைக்கமாட்டாது. தலையை உதறியே உரைக்கின்றது. அதனைக் குறும்பென்று கடிந்து ஒதுக்காது, முதல் முறை உதறும்போதே கவனிப்பின், குப்பிகள் பலவற்றுக்கும் ஈற்றிற் கத்திக்கும் தேவை நேராது போகலாம்.